கறிவேப்பிலைக் கன்றும் செப்புத் தகடும்

சென்ற ஆண்டு ஒருநாட் காலை, இடைவேளை மணி அடித்து ஓய்ந்த சமயம், எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்து வாயிலில் முதிய அம்மையார் ஒருவர் வந்து நின்றார். கையிலே பழைய புதினத்தாளிற் சுற்றிய நீண்ட பொட்டலம் ஒன்று. உள்ளே அழைத்து இருக்கை கொடுத்தேன். அவர் இருக்கவில்லை. பொட்டலத்தை அவிழ்த்து என் மேசைமீது வைத்தார். வேரோடு பிடுங்கிய ஒரு கறிவேப்பிலைக் கன்று. இலையெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது.

“மாஸ்டர், பொடியனுக்கு இந்த வேலையைப் பழக்கினது நீங்கள் தானாம். நல்ல விஷயம். ஆனா என்ரை கறிவேப்பிலைக் கண்டு பட்டுப்போச்சு. அது பட்டாலும் பரவாயில்லை, கிணறு என்ன பாடு எண்டு கேட்கத்தான் வந்தனான்” என்றார்.

அவர் எங்கள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மம்மா. “இந்த வேலை” என்று அவர் குறிப்பிட்டது, வீட்டிலேயே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை செய்யும் வித்தையை. அதனை வகுப்பிலே கற்பித்தபோது நான் இரண்டு பிழைகள் விட்டேன். ஒன்றினால் ஒரு சிறு மின்னுறுப்பு எரிந்தது. மற்றதினால் ஒரு குடும்பம் பத்து நாட்கள் தன் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சியது. வித்தை இன்னதென முறையாகச் சொல்லிவிட்டு அவ்விரு பிழைகளுக்கும் வருகிறேன். பெற்றாரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க வேண்டுகிறேன்.

கம்பிச் சிக்கலிலிருந்து பலகைக்கு

நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: உள்ளே நூல் சுற்றிய கம்பிகள் கொடிபோற் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் ஒருவர் கையால் வெட்டி, வளைத்து, பற்றாசிட்டு இணைத்திருப்பார். இன்று கைத்தொலைபேசியையோ மின்விளக்கையோ திறந்தால் அக்கம்பிகள் இல்லை. பச்சை நிறப் பலகையொன்றின்மீது மெல்லிய செப்புக் கோடுகள் தெருக்களைப் போல ஓடுகின்றன. கம்பியின் வேலையைச் செய்வன அக்கோடுகளே.

இதற்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் பவுல் ஐஸ்லர் என்பவர். 1907ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூத குடும்பத்திற் பிறந்த பொறியியலாளர். தாயகத்தில் வாழ்வு நெருக்கடியானபோது 1936இல் இங்கிலாந்துக்குச் சென்றார். இலண்டனிலே வாடகை அறையொன்றில் இருந்துகொண்டு, செப்புக் கோடுகள் அச்சிட்ட பலகையால் ஒரு வானொலியைச் செய்து காட்டினார். அதனைக் கண்ட வானொலி நிறுவனம் ஒன்று, கம்பி இணைக்கும் பெண்களின் கூலி இதனினும் மலிவு என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டது. 1943இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பீரங்கி எறிகணைகளின் வெடிதிரிகளிலே அச்சிட்ட சுற்றுகள் இடம்பெற்ற பின்னரே உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது.

ஐஸ்லர் அச்சுத்தொழிலை அறிந்தவர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துச் சித்திரம் எடுக்கும் கலை ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதன் தத்துவம் நம் வீட்டுப் பெண்களுக்கும் புதிதன்று. பத்திக் துணி செய்வோர் யாது செய்கின்றனர்? சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டுத் துணியைச் சாயத்தில் அமிழ்த்துகின்றனர். மெழுகின் கீழுள்ள இடம் தப்பிக்கொள்கிறது. சுற்றுப் பலகையும் அவ்வாறே. பலகை முழுவதும் ஒட்டிய செப்புத் தகட்டில், கோடாக நிற்க வேண்டிய இடத்தை மாத்திரம் மூடிவிட்டு, ஏனைய செம்பைக் கரைசலிற் கரைத்துவிடுகிறோம். மெழுகுக்குப் பதிலாக எதனால் மூடுவது என்பதே கேள்வி.

மைப்பொடியின் கதை

அதற்கு விடை தந்தவர் இன்னொரு மனிதர். ஆனால் அவர் நினைத்தது வேறு. செஸ்ரர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், காப்புரிமைப் பத்திரங்களைக் கையாற் பிரதிசெய்து அலுத்தவர். மூட்டுவாதத்தால் விரல்களும் நொந்தவர். 1938ஆம் ஆண்டு ஒக்ரோபர் 22ஆம் திகதி, நியூயோர்க்கின் அஸ்ரோரியா என்ற பகுதியில், ஒற்றோ கோர்ணை என்ற ஒஸ்திரிய நாட்டவரைத் துணைகொண்டு அவர் ஒரு பரிசோதனை செய்தார். கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையாற் தேய்த்து மின்னேற்றி, எழுத்து எழுதிய கண்ணாடியூடாக ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் நீங்கியது; எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மாத்திரம் தங்கியது. அதன்மேல் தூவிய நுண்பொடி எழுத்தின் வடிவிலே ஒட்டிக்கொண்டது. பின்னர் மெழுகுத் தாளை வைத்து அழுத்திச் சூடாக்கவே, பொடி தாளுக்கு இடம்பெயர்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கார்ல்சனை வேண்டாமென்றன. ஈற்றில் 1959இல் வெளிவந்த பிரதிசெய் பொறி, உலகெங்கும் அலுவலகங்களின் முறையையே மாற்றிவிட்டது.

இன்றைய லேசர் அச்சுப்பொறி அவ்வழியில் வந்ததே. அதிலுள்ள ரோனர் எனும் மைப்பொடி வெறும் கரியன்று. கரியோடு கலந்த நுண்ணிய பிளாஸ்ரிக் துகள். அச்சுப்பொறியின் சூடான உருளையில் ஏறத்தாழ 200 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்திலே உருகித் தாளிற் பற்றுகிறது. உருகியதை மீண்டும் உருக்கலாம் அன்றோ? தாளில் ஒட்டிய பொடியைச் செம்பின்மீது கவிழ்த்து வைத்து மறுபடி சூடாக்கினால், அது தாளை விட்டுச் செம்பைப் பற்றிக்கொள்ளும். பிளாஸ்ரிக் ஆதலின் அரிக்கும் கரைசல் அதனை ஒன்றும் செய்யாது. இதுவே மைப்பொடி இடமாற்று முறை. மைநீர் தெளிக்கும் அச்சுப்பொறிகள் இதற்கு உதவா. அவற்றின் மையில் இவ்வாறு உருகிப் பற்றும் பொடி இல்லை.

செய்யும் முறை

முதலாவது, செம்பு ஒட்டிய பலகையை வேண்டிய அளவில் வெட்டுக. கண்ணாடியிழைப் பலகையாயின் அதன் தூசி சுவாசத்துக்குத் தீது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. பின்னர்ப் பாத்திரம் தேய்க்கும் நாராலும் சவர்க்காரத்தாலும் செம்பைப் பளபளக்கத் தேய்த்துக் கழுவி உலர்த்துக. அதன்பின் விரல் படலாகாது. கைரேகையின் எண்ணெயே மைப்பொடி ஒட்டாமற் தடுக்கப் போதுமானது.

இரண்டாவது, சுற்றுப்படத்தை லேசர் அச்சுப்பொறியில் மிகக் கருமையாக அச்சிடுக. வாரச் சஞ்சிகைகளின் வழவழப்பான தாள் நல்லது. அதன் மேற்பூச்சு நீரில் ஊறியதும் பொடியை இலகுவில் விட்டுவிடும். மைநீர் அச்சுப்பொறிக்கென விற்கப்படும் புகைப்படத் தாளை லேசர் பொறியில் இடாதீர்கள். அதன் பூச்சு உருகிப் பொறியைக் கெடுத்துவிடக்கூடும். புதிதாகப் பழகுவோர் கோடுகளை ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல் வரைதல் நன்று.

மூன்றாவது, அச்சிட்ட பக்கம் செம்பிற் படுமாறு தாளைக் கவிழ்த்து வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியை உச்ச வெப்பத்தில் வைத்து அழுத்துக. நீராவி கூடாது. துணி அழுத்துவதுபோல இழுத்தால் கோடுகள் கலைந்துவிடும். மேலிருந்து பலமாக அழுத்தி, ஓரங்களையும் மறவாமல், மூன்று நான்கு நிமிடங்கள் சூடேற்றுக. பின்னர்ப் பலகையைத் தானாக ஆறவிட்டு, நீரில் கால்மணி நேரம் ஊறவிடுக. ஊறிய தாளைப் பெருவிரலால் மெல்ல உருட்டித் தேய்த்தால் அது நார்நாராகக் கழன்றுவிடும். கரிய கோடுகள் செம்பிலே நிற்கும். எங்கேனும் கோடு அறுந்திருந்தால், நீரில் அழியாத மைப்பேனாவினால் நிரப்புக.

நான்காவது, பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலிற் பலகையை இடுக. பாத்திரம் பிளாஸ்ரிக்காகவோ கண்ணாடியாகவோ இருத்தல் வேண்டும். உலோகப் பாத்திரம், சிறப்பாக அலுமினியம், ஒருபோதும் ஆகாது. கரைசல் அதனைத் தாக்கிக் கடுமையாகச் சூடேறும். திண்மப் பொடியாக வாங்கினால், பொடியை நீரிற் சிறிது சிறிதாக இடுக. பொடியின்மேல் நீரை ஊற்றாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு இறப்பர் உறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்திற் செய்க. இக்கரைசலின் கறை துணியிற் பட்டாற் போகாது. சற்று வெதுவெதுப்பாக வைத்துப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டிருந்தால் பத்து முதல் முப்பது நிமிடத்துள் வேண்டாத செம்பெல்லாம் கரைந்துவிடும்.

இறுதியில் நீரிற் கழுவி, அசற்றோனால் மைப்பொடியைத் துடைத்தால், கரிய கோடுகளின் கீழிருந்து செந்நிறக் கோடுகள் பளிச்சென வெளிப்படும். அந்தக் கணத்தில் ஒரு மாணவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பின்னர்த் துளையிட்டு உறுப்புகளைப் பொருத்திப் பற்றாசிடுவதே எஞ்சிய வேலை.

இணையவழி படத்தை அனுப்பினால் வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் இதனினும் அழகான பலகைகளைச் செய்து அனுப்புகின்றனவே, ஏன் இந்தப் பாடு எனச் சிலர் கேட்பர். உண்மைதான். விற்பனைக்குச் செய்பவன் அங்ஙனமே செய்க. ஆனால் பிள்ளையொருவன் மாலையில் வரைந்ததை இரவுக்குள் இயக்கிப் பார்ப்பதும், பிழை கண்டால் மறுநாளே திருத்துவதும் வீட்டு மேசையில் மாத்திரமே கைகூடும்.

முதலாவது பிழை

ஆச்சியின் பேரன் செய்ய விரும்பியது, கூரைமேல் தாங்கி நிறைந்ததும் ஒலியெழுப்பும் சிறு கருவி. ஆச்சி மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். தாங்கி நிரம்பி வழியும். நீரும் மின்சாரமும் வீண். 555 என்ற எண்ணால் அறியப்படும் எட்டுக்கால் ஒருங்கிணைந்த சுற்று, சில தடையிகள், ஓர் ஒலிப்பான், 9 உவோற்று மின்கலம் என்பன போதும்.

அவன் பலகை குறையின்றி வந்தது. மின்கலத்தை இணைத்தான், ஒலி எழவில்லை. 555இனைத் தொட்டவன் விரலைச் சுட்டுக்கொண்டான். மறுநாள் என்னிடம் வந்து, “சேர், நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டன்” என்றான். பலகையை வாங்கிப் பார்த்தேன். பிழை அவனுடையதன்று.

“படத்தை எப்பொழுதும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியே அச்சிடுங்கள்” என்று வகுப்பிலே நான் சொல்லியிருந்தேன். “எப்பொழுதும்” என்ற சொல் தவறு. கணினியில் வரையும்போது, பலகையின் அடிப்பக்கச் செப்புக் கோடுகள், மேலிருந்து பலகையை ஊடுருவிப் பார்ப்பதுபோலக் காட்டப்படுகின்றன. அதனை அப்படியே அச்சிட்டுச் செம்பிற் கவிழ்க்கும்போது, கவிழ்த்தலே அதனை ஒருமுறை திருப்பிவிடுகிறது. நாமும் திருப்பினால் இருமுறை திரும்பிக் கோடுகள் இடம்வலம் மாறிவிடும். உறுப்புகள் செம்பு உள்ள பக்கத்திலேயே அமரும் பலகைக்கு மாத்திரமே திருப்பி அச்சிடல் வேண்டும். 555இல் முதலாம் கால் மறைமுனைக்கும் எட்டாம் கால் நேர்முனைக்கும் உரியவை. அவை ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்பவை. இடம்வலம் மாறியதும் மின் தலைகீழாகப் பாய்ந்து உறுப்பு எரிந்தது.

இப்போது நான் சொல்லிக் கொடுக்கும் விதி இதுவே: செப்புக் கோடுகளோடு சேர்த்து ஓர் எழுத்தையும் செப்புப் படையிலே இடுக. தாளில் அந்த எழுத்து இடம்வலம் மாறியும், செம்பில் நேராகவும் இருந்தால் எல்லாம் சரி. வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பையன் இரண்டாவது பலகை செய்தான், ஒலி எழுந்தது. அத்துடன் முடிந்தது என்றே எண்ணினேன்.

இரண்டாவது பிழை

இரண்டு பலகைகள் செய்தபின் அவனிடம் எஞ்சியது, பச்சையும் கபிலமும் கலந்த ஒரு கோப்பைக் கரைசல். அதனை என்ன செய்வதென நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. துணி தோய்க்கும் கல்லடியில், கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்ற கறிவேப்பிலைக் கன்றின் அடியில் ஊற்றிவிட்டான்.

ஆய்வுகூடத்தில் நின்ற ஆச்சிக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. கரும்பலகையிற் கணக்கொன்று போட்டேன்.

பலகையிலுள்ள செப்புப் படலத்தின் தடிப்பு வழமையாக 35 மைக்குரோமீற்றர்; தலைமயிரின் பருமனில் ஏறக்குறையப் பாதி. பையனின் பலகை 5 சென்றிமீற்றர் அகலம், 8 சென்றிமீற்றர் நீளம். அதில் இருந்த செம்பு ஏறத்தாழ 1¼ கிராம். மூன்றில் இரண்டு பங்கு கரைந்ததெனக் கொண்டால் 0.8 கிராம். கரைந்த செம்பு அழிந்துபோவதில்லை. பெரிக்குக் குளோரைட்டின் இரண்டு மூலக்கூறுகள் செம்பின் ஓர் அணுவோடு தாக்கமுற்று, பெரசுக் குளோரைட்டாகவும் குப்பிரிக்குக் குளோரைட்டாகவும் மாறுகின்றன. தகட்டில் இருந்த செம்பு நீரில் இருக்கிறது, அவ்வளவே. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற் செம்பு இருக்கலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே ஒரு பலகையின் செம்பு 400 இலீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். இரண்டு பலகைகளுக்கு 800 இலீற்றர்.

ஆச்சிக்குக் கணக்கு விளங்கியது. “எங்கடை மண்ணுக்குக் கீழை கல்லுத்தானே மாஸ்டர், வெடிப்பும் பொந்தும். ஊத்தினது நிக்குமே?” என்றார். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லில் இறங்கித் தேங்குவதே நம் கிணறு. இதைப் பாடத்தில் எத்தனையோ முறை கற்பித்த நான், அவரிடம் மீண்டும் கற்றுக்கொண்டேன்.

அன்று மாலையே பையனும் நானும் கன்று நின்ற இடத்துக் கறைபிடித்த மண்ணை ஓரடி ஆழத்துக்கு மேல் அகழ்ந்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளிகளில் நிரப்பினோம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வர எடுத்த பத்து நாட்களும் அவ்வீட்டார் அயல்வீட்டிற் குடிநீர் அள்ளினர். ஒருநாள் மாலை நான் போனபோது, ஆச்சி குடத்தை இடுப்பில் ஏந்தி ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். நான் வாங்கப்போனேன், அவர் தரவில்லை. என்னை அவர் ஒரு சொல்லும் குறை சொல்லாதது, குறை சொன்னதிலும் கடினமாக இருந்தது. பதினோராம் நாள், செம்பின் அளவு எல்லைக்கு வெகு கீழே இருப்பதாக முடிவு வந்தது.

கடைசிப் படி

ஆதலின், அன்று சொல்லாது விட்ட கடைசிப் படியை இன்று சொல்கிறேன். கரைசல் ஒருமுறை பாவித்ததும் பழுதாவதில்லை. பல பலகைகளுக்கு உதவும். பெயர் எழுதிய பிளாஸ்ரிக் போத்தலில், சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க. குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் வேண்டாம். அரிக்கும் வலிமை முற்றாகக் குன்றியபின், அகன்ற பிளாஸ்ரிக் வாளியில் இட்டுச் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க. நுரைத்துப் பொங்கும், பொங்கி அடங்கியபின்னரே மேலும் சேர்க்க. பொங்குதல் முற்றாக நின்றதும் செம்பும் இரும்பும் சேறாக அடியிற் படியும். அந்தச் சேற்றைச் சீமெந்தோடு குழைத்துக் கட்டியாக்கி ஒதுக்கி வைக்கலாம். மேலே தெளிந்த நீரிலும் சிறிது செம்பு இருக்கக்கூடும். அதனையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். எங்கள் கல்லூரியில் இப்போது விதி ஒன்று உண்டு: கரைசலை ஆய்வுகூடத்திலிருந்து பெற்றுச் செல்பவன், பாவித்த கரைசலைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அதன்பின்னரே அவனுடைய செய்முறைக்குப் புள்ளி.

பெற்றார்களே, உங்கள் பிள்ளை ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய சஞ்சிகையைத் தேடினால் தடுக்காதீர்கள். அருகில் இருந்து பாருங்கள். மாணவர்களே, ஒன்றைச் செய்யப் பழகும்போது, செய்து முடிந்தபின் எஞ்சுவதை என்ன செய்வதென்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவர் சொல்ல மறந்திருக்கலாம். நான் மறந்தேன்.

கார்த்திகை மழை தொடங்கியதும் புதிய கறிவேப்பிலைக் கன்றொன்றை வாங்கிக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றேன். ஆச்சி அதனைக் கிணற்றின் மறுபக்கத்தில் நட்டார். நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையிற் கூரைமேலிருந்து மெல்லிய ஒலி எழுந்தது. ஆச்சி எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். “இது நல்லாத்தான் கத்துது, மாஸ்டர்” என்றார்.